ரத்தம் ஓடும் பாதையைப் பார்த்த கதை

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். "ஹாஸ்டல் நினைவுகள் நிறைய வந்துவிட்டன. மெஸ் சாம்பாரைப் பற்றி மட்டுமே ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் உங்கள் தொழிலைப் பற்றி எழுதுங்களேன்" என்றார். முப்பத்தாறு வருஷம் எக்ஸ்ரே அறையில் நின்றவன் நான். அதில் எழுத என்ன இருக்கிறது, இருட்டைத் தவிர, என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வருஷம் ஒரு ராத்திரி வந்த இன்னொரு போன்தான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது.

பேசியவன் என் ரூம் மேட். 1973 முதல் 1976 வரை பி.எஸ்சி. பௌதிகத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. பெயரைப் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். கேரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் செட் ஆட்களுக்கு யார் என்று தெரிந்துவிடும்.

"மாப்ளே, பாப்பாவுக்கு ரெண்டு வாரமாத் தலைவலி. எல்லாம் ரெட்டை ரெட்டையாத் தெரியுதுங்கறா. டாக்டர் சீட்டுல ஆஞ்சியோன்னு எழுதியிருக்காருடா."

அவன் எப்போதுமே நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவான். அன்றைக்கு இன்னும் மெதுவாகப் பேசினான். பாப்பா என்பது அவன் மகள், அவளுக்கே இரண்டு பிள்ளைகள்.

"சீட்டைச் சரியாப் படி. ஆஞ்சியோவுக்கு முன்னால என்ன எழுதியிருக்கு?"

"எம்.ஆர்.னு இருக்கு."

"அப்பப் பயப்படாதே. அது வேற."

"ஊசி உண்டா? கழுத்துல?"

அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்பதைச் சொல்ல 1975க்குப் போக வேண்டும்.

மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம். ஆகஸ்ட் மாதம் அவனுக்கு மண்டை பிளக்கிற மாதிரி தலைவலி. ஹாஸ்டலில் அமிர்தாஞ்சனம் தடவி அனாசின் கொடுத்துப் படுக்க வைத்தோம். மூன்றாம் நாள் காலையில் இடது கண் இமை தொங்கிவிட்டது, கையால் தூக்கித்தான் பார்க்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மூளைக்குப் போகும் தமனியில் பலூன் மாதிரி புடைப்பு இருக்கலாம், வெடித்தால் உயிருக்கே ஆபத்து, படம் எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். அவர்கள் சந்தேகப்பட்டது முற்றிலும் நியாயம். அந்த அறிகுறிகளுக்கு இன்றைக்கும் டாக்டர்கள் முதலில் நினைப்பது அதைத்தான். அவன் அப்பா ஊரிலிருந்து வேட்டி சட்டையோடு அப்படியே வந்து கையெழுத்துப் போட்டார்.

கழுத்தின் இடது பக்கத் தமனியில் நேராக ஊசியைக் குத்தி, டை என்று நாங்கள் சொல்லும் அயோடின் மருந்தை வேகமாகச் செலுத்தி, அது மூளைக்குள் பாயும் இரண்டு மூன்று விநாடிக்குள் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். "ஐயோ எரியுது" என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

வெளியே கொண்டுவந்தபோது வலது கை துவண்டு கிடந்தது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் என்னைப் பார்க்கிறான், வாய் அசைகிறது, வார்த்தை இல்லை.

படத்தில் எதுவுமே இல்லை. புடைப்பும் கிடையாது, அடைப்பும் கிடையாது. தொங்கிய இமை ஒரு மாதத்தில் தானாகவே சரியாகிவிட்டது. பேச்சு திரும்ப ஏழெட்டு மாதம் ஆயிற்று. கை முழுசாகத் திரும்பவே இல்லை. நோய் தானாகப் போய்விட்டது, சோதனை கொடுத்தது தங்கிவிட்டது. அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் இருந்த காலம் உண்டு. பின்னால் நானே அந்த அறைக்குள் வேலை பார்த்தபோது அது போய்விட்டது. அன்றைக்கு எங்கள் ஊர்ப் பக்கம் அவர்களுக்கு வேறு வழி இல்லை. ஊசி தமனியின் உட்சுவரைக் கிழித்தாலோ, ஒரு சிறு ரத்தக்கட்டு கிளம்பினாலோ இப்படி ஆகும் என்பது தெரிந்தே செய்த சோதனை அது.

நான் டிகிரி முடித்து, ரேடியோகிராபர் படிப்பில் சேர்ந்ததற்குக் காரணம் அந்தக் கதவுதான் என்று நினைக்கிறேன். உள்ளே என்ன நடந்தது என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஒரு இது.

சரி, கதைக்கு வருவோம். ரத்தக்குழாயைப் படம் பிடிக்கும் ஆசை எக்ஸ்ரே பிறந்தவுடனே பிறந்துவிட்டது. ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். 1896 ஜனவரியிலேயே வியன்னாவில் ஹாஷெக், லிண்டந்தால் என்ற இருவர், உடலிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு கையின் தமனிகளில் சுண்ணாம்பும் பாதரசத் தாதுவும் கலந்த கலவையை ஏற்றிப் படம் எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு படத்துக்கு 57 நிமிஷம். மரக்கிளை போல அழகாகத் தமனிகள் தெரிந்தன. ஆனால் அந்தக் கலவையை உயிருள்ளவருக்குக் கொடுக்க முடியுமா? அந்த இடத்தில் முப்பது வருஷம் நின்றுவிட்டது.

அதைத் தாண்டியவர் லிஸ்பன் நகரத்து எகாஸ் மோனிஸ். இவர் ஒரு விசித்திரமான மனிதர். நரம்பியல் பேராசிரியர், அரசியல்வாதி, போர்ச்சுகலின் வெளிநாட்டு மந்திரியாக இருந்தவர். கீல்வாதத்தால் கைவிரல்கள் கோணிப்போனவர். அதனால் அவர் சொல்லச் சொல்ல, அல்மெய்டா லிமா என்ற இளம் டாக்டர்தான் கையால் செய்தார். முதலில் ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நோயாளி இறந்துபோனார். பிறகு சோடியம் அயோடைடுக்கு மாறி, 1927 ஜூன் 28 அன்று உயிருள்ள மனிதனின் மூளைத் தமனிகளை முதல் தடவையாகத் தெளிவாகப் படத்தில் பார்த்தார்கள். மோனிஸுக்கு அப்போது 52 வயது. இதற்கு நோபல் பரிசு கிடைத்திருந்தால் நியாயம். அவருக்கு 1949இல் கிடைத்தது மனநோய்க்காக மூளையின் முன்பகுதி நரம்பு இழைகளை வெட்டும் ஆபரேஷனுக்காக. இன்றைக்கு அந்த ஆபரேஷனை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. என் நண்பனுக்கு 1975இல் செய்ததன் அடிப்படை, இந்த 1927 முறைதான்.

அயோடின் எரிகிறதே, எரியாத டை ஒன்று கிடைத்தால்? கிடைத்தது. தோரோட்ராஸ்ட் என்று பெயர். 1930கள் முதல் 1950களின் தொடக்கம் வரை உலகம் முழுக்க ஓடியது. வலியே கிடையாது, படமோ கண்ணாடி மாதிரி. ஒரே ஒரு குறை: அது தோரியம் டையாக்சைடு. கதிரியக்கப் பொருள்! நம் வகுப்பில் படித்தோமே, தோரியம் 232, அரை ஆயுள் 1400 கோடி வருஷம், அதேதான். உடம்பை விட்டு வெளியேறாது, ஈரலிலும் மண்ணீரலிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். இருபது முப்பது வருஷம் கழித்து ஈரல் புற்றுநோய் வரிசையாக வந்தது. கொடுத்த அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதால்தான் அத்தனை காலம் ஓடியது. இந்தத் துறையில் வலிக்காதது என்றாலே எனக்கு ஒரு சந்தேகம் வரும். தோரோட்ராஸ்ட் படித்ததன் விளைவு.

1953இல் ஸ்டாக்ஹோமில் செல்டிங்கர் என்ற 32 வயது டாக்டர் ஒரு எளிய தந்திரம் கண்டுபிடித்தார். முதலில் ஊசி. ஊசிக்குள் ஒரு மெல்லிய கம்பி. ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேல் ஒரு குழாய். கம்பியை உருவினால் குழாய் ரத்தக்குழாயில் நிற்கும். அவ்வளவுதான். இது டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குப் போதாது, ரொம்பச் சின்ன விஷயம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். இன்றைக்கு உலகத்தில் நடக்கும் இதய ஆஞ்சியோ அத்தனையும் அந்தச் சின்ன விஷயத்தின் மேல்தான் நடக்கின்றன. ப்ராஜெக்டைத் திருப்பி அடித்த கைடைத் திட்டிக்கொண்டிருக்கும் இன்றைய மாணவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நான் 1978இல் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் ஆஸ்பத்திரியில் படத்தைத் தானாக மாற்றும் கருவி கிடையாது. ஒரு பெட்டிக்குள் கேசட்டுகளை அடுக்கி வைத்து, டாக்டர் டையைச் செலுத்திக்கொண்டே "எடு!" என்று கத்தினதும் ஒரு எக்ஸ்போஷர். கேசட்டை இழு, அடுத்தது, எக்ஸ்போஷர், மறுபடி இழு. ஆறேழு விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். பிறகு கேசட்டுகளைத் தூக்கிக்கொண்டு டார்க் ரூமுக்கு ஓட்டம். சிவப்பு விளக்கில் டெவலப்பர், தண்ணீர், ஹைப்போ. ஈரம் சொட்டச் சொட்ட பிலிமை ஹாங்கரோடு தூக்கிக்கொண்டு வந்தால், டாக்டர் நோயாளியின் கழுத்தை அழுத்திப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்ப்பார். ஒரு தடவை நான் ஒரு விநாடி தாமதமாக இழுத்துவிட்டேன். தமனிகள் காலி, சிரைகள் மட்டும்தான் விழுந்திருந்தன. அந்த அம்மாவுக்கு மறுபடியும் டை செலுத்த வேண்டியதாயிற்று. "தம்பி, இன்னொரு தடவையா?" என்று அவர் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. அந்தக் காலத்து டை, ரத்தத்தைப் போல ஐந்தாறு மடங்கு அடர்த்தியான உப்புக் கரைசல். புண்ணில் உப்பை வைத்தால் எப்படி இருக்கும்? ஸ்வீடனின் டோர்ஸ்டன் அல்மென் என்பவர் உப்பாகப் பிரியாத டையை யோசித்து, அது சந்தைக்கு வந்து, எங்கள் வரைக்கும் விலை இறங்கி வர எண்பதுகளின் கடைசி ஆகிவிட்டது.

இனிமேல் சொல்லப்போவதில்தான் நம் கல்லூரிக்குப் பங்கு உண்டு.

கல்லூரிக்குப் பின்னால் ரயில் பாதை இருக்கிறதே, எங்கள் காலத்தில் அது மீட்டர் கேஜ். ஒலியியல் வாத்தியார் ஒரு நாள் வகுப்பையே வேலி ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். ஊதிக்கொண்டே வந்த பாசஞ்சர் எங்களைத் தாண்டிய கணத்தில் ஊதல் சுருதி இறங்கியது. "கேட்டுதாடா? அதான் டாப்ளர்" என்றார். டாப்ளர் 1842இல் சொன்னதை, 1845இல் ஹாலந்தில் பைஸ் பாலட் என்பவர் ரயிலில் டிரம்பெட் வாசிப்பவர்களை ஏற்றிவிட்டுச் சோதித்தார் என்ற கதையையும் அங்கேதான் கேட்டோம். என் ரூம் மேட் மெதுவாக, "நம்ம ரயிலுக்கு நாதஸ்வரம்தான் சரி சார்" என்றான். வாத்தியாரும் சிரித்துவிட்டார்.

பதினைந்து வருஷம் கழித்து, ஒரு பெரியவரின் கழுத்தில் ஜெல் தடவி ஒரு சின்னக் கருவியை வைத்தேன். வுஷ்... வுஷ்... என்று சத்தம். ரத்த அணுக்கள்தான் ரயில். நாம் அனுப்பும் மீயொலி அவற்றின் மேல் பட்டுத் திரும்பும்போது சுருதி மாறுகிறது. அந்த மாற்றம் நம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள்ளேயே விழுவது இயற்கையின் கருணை. ஜப்பானின் ஒசாகாவில் சடோமுரா என்பவர் 1950களிலேயே இந்த வழியைத் திறந்துவிட்டார். எண்பதுகளில் கலர் டாப்ளர் வந்தது. கழுத்துத் தமனியில் அடைப்பு எங்கே, ரத்தம் எத்தனை வேகத்தில் பீறிடுகிறது என்று ஒரு பொட்டு ரத்தம் சிந்தாமல் சொல்லிவிடலாம். நம் சித்த வைத்தியர்கள் மூன்று விரலால் நாடி பார்த்தார்களே, அதற்கு இயந்திரக் காது முளைத்த மாதிரி. மண்டை ஓட்டுக்குள் மட்டும் அது சுலபமாக நுழையாது. நார்வேக்காரர் ஆஸ்லிட் 1982இல் நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பு மெல்லிசாக உள்ள இடம் வழியாக நுழைந்து காட்டினார். வேகம் தெரிந்தது, படம் தெரியவில்லை.

சி.டி. ஸ்கேனின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஈ.எம்.ஐ. கம்பெனி எஞ்சினியர் ஹவுன்ஸ்பீல்டு, 1971 அக்டோபர் 1, லண்டனில் முதல் நோயாளி. பீட்டில்ஸ் பாட்டு விற்ற பணத்தில் பிறந்த ஸ்கேன் என்று சொல்வார்கள். அதே கம்பெனி என்பது சரி, பிரிட்டிஷ் சுகாதாரத் துறையும் பணம் போட்டது என்பதைச் சொல்ல மாட்டார்கள். அந்த ஸ்கேன் ஒரு துண்டு எடுக்கவே நாலைந்து நிமிஷம், ஓடும் ரத்தத்தை அதில் எங்கே பிடிப்பது? 1989இல் ஜெர்மனியின் காலெண்டர் நோயாளியை நகர்த்திக்கொண்டே குழாயைச் சுழலவிடும் சுருள் முறையைக் கொண்டுவந்தார். முறுக்குப் பிழிகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2004 வாக்கில் ஒரே சுற்றில் 64 துண்டுகள். கை நரம்பில் சாதாரண ஊசி போட்டு டையைச் செலுத்தினால், அது சுற்றி வந்து கழுத்தைத் தொடும் பதினைந்து இருபது விநாடியைக் கணக்குப் பண்ணி, ஒரே மூச்சில் படம். தமனிக்குள் யாரும் நுழையவில்லை. கதிரும் டையும் இருக்கின்றன, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்று எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. "பரீட்சையில வராது, விடு" என்று சீனியர்கள் சொன்னார்கள், விட்டோம். அந்தப் பக்கத்துக்குள் எவ்வளவு இருந்திருக்கிறது பாருங்கள். 1959இலேயே அமெரிக்காவில் சிங்கர் என்பவர் எலியின் வாலில் ரத்த ஓட்டத்தை இந்த முறையில் அளந்திருக்கிறார். 1960இல் ஹான் என்பவர் கடல் நீரோட்டத்தை இதே முறையில் அளக்கலாம் என்று எழுதினார். 1973இல் லாட்டர்பர் இதில் படம் வரையலாம் என்று காட்டினார். 1985, 86 வாக்கில் ஓடும் ரத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் படமாக்கினார்கள்.

எப்படி? மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். வார்டன் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து அதட்டிவிட்டுப் போகிறார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் அதட்டல் வாங்கி வாங்கிக் கப்சிப். ஆனால் கை கழுவிவிட்டுப் புதிதாக உள்ளே வருகிறவன் எதையும் கேட்டிருக்க மாட்டான், அவன் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். அதேபோல, காந்தத்துக்குள் ரேடியோ அலையை அடுத்தடுத்து அடித்தால், அசையாத மூளைத் திசுவிலிருந்து வரும் சிக்னல் அடங்கிவிடுகிறது. அதட்டல் வாங்காத புது ரத்தம் அந்தப் பகுதிக்குள் நுழைந்ததும் பளிச்சென்று தெரிகிறது. அந்தப் பளிச்சை எல்லாம் கோத்தால் தமனிகளின் முழுப் படம். டை வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம், ஊசியே வேண்டாம். ரத்தம் ஓடுகிறது என்பதே போதும்!

உடம்பின் மற்றப் பகுதிகளுக்கு, தொண்ணூறுகளில் மார்ட்டின் பிரின்ஸ் காடோலினியம் டையைக் கை நரம்பில் கொடுத்துப் படம் எடுக்கும் முறையைப் பிரபலமாக்கினார். சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானது என்று சந்தோஷப்பட்டோம். 2006இல், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இதனால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய் வருகிறது என்று தெரிந்தது. மறுபடியும் தோரோட்ராஸ்ட் ஞாபகம். இந்த முறை சீக்கிரமே விழித்துக்கொண்டு விதிகளை மாற்றினார்கள், டையையும் மாற்றினார்கள்.

ஊசியில்லாத ஆஞ்சியோவுக்கு நான் வக்கீல் இல்லை. மூன்று மில்லிமீட்டருக்குச் சிறிய புடைப்பு எம்.ஆர்.இல் தப்பிப் போகலாம். ரத்தம் சுழித்து ஓடும் இடத்தில் சுருக்கத்தை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும். குழாய்க்குள் குழாய் விட்டு எடுக்கும் படம்தான் இன்றைக்கும் கடைசித் தீர்ப்பு, புடைப்பை உள்ளிருந்தே கம்பிச் சுருளால் அடைக்கவும் அதே வழிதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோதனை சுலபமாகிவிட்டதால் சும்மா எடுத்துப் பார்க்கிறவர்கள் கூடிவிட்டார்கள். பெரியவர்களில் நூறு பேரை எடுத்தால் சுமார் மூன்று பேர் மூளையில் வெடிக்காத புடைப்பு ஒன்று இருக்கும். அதில் பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. தெரிந்துகொண்ட பிறகு அந்த மனிதர் தூங்குவாரா? என்னிடம் யோசனை கேட்கிற சொந்தக்காரர்களிடம் டாக்டர் எழுதினால் மட்டும் எடு என்று சொல்லி, பல பேருடைய மனஸ்தாபத்தைச் சம்பாதித்திருக்கிறேன்.

நண்பனின் மகளுக்குச் சோதனை நடந்த அன்று நானும் போனேன். பாப்பா உள்ளே போயாயிற்று. வெளியே பெஞ்சில் நாங்கள் இருவர். கதவுக்கு அந்தப் பக்கம் டக டக டக என்று காந்தச் சுருள்களின் சத்தம். அவன் இடது கையால் வலது கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஐம்பது வருஷமாக அவன் உட்காரும் விதமே அதுதான். "இந்தச் சத்தம் பரவாயில்லைடா" என்றான்.

அரை மணியில் அவளே நடந்து வெளியே வந்தாள். காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே, "பசிக்குதுப்பா" என்றாள். டாக்டர் திரையில் படத்தைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். தமனிகள் சுத்தமாக இருந்தன. ஒருவகை ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். நண்பன் திரைக்குக் கிட்டத்தில் போய் இடது பக்கக் கழுத்துத் தமனியை விரலால் காட்டி, "இதுதானே?" என்று என்னைக் கேட்டான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மூன்று பேரும் கேன்டீனுக்குப் போய்ப் பொங்கல் சாப்பிட்டோம்.

எங்கள் செட்டின் ஐம்பதாவது ஆண்டுச் சந்திப்புக்கு அவன் வருகிறான். பழைய ஹாஸ்டல் ஹாலில் ஒரு கேரம் போர்டு போட்டு வைக்கும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன். பவுடரும் வேண்டும். எதிர்த்து ஆட நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: 1976இலிருந்து அவன் இடது கையால்தான் அடிக்கிறான், ஏமாந்துவிடாதீர்கள்.